கேபிள் போடுவது சுலபம், கையெழுத்து வாங்குவதுதான் பாடு: ஆப்பிரிக்கா தொலைத்தொடர்பில் இணைந்த கதை

காங்கோ ஆற்றின் ஒரு கரையில் கின்ஷாசா, எதிர்க்கரையில் பிராஸாவில். இரண்டும் இரு வேறு நாடுகளின் தலைநகரங்கள். இங்கே நின்று பார்த்தால் அங்கிருக்கும் கட்டடங்கள் தெரியும். ஆனால் 2000களின் தொடக்கம் வரை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போன் செய்தால், அந்த அழைப்பு செயற்கைக்கோள் வழியே ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து திரும்பித்தான் ஆற்றின் மறுபக்கம் மணி அடித்தது. கட்டணமும் அந்தத் தூரத்துக்குத்தான். இரண்டு நாடுகளிலும் செல்பேசி உரிமம் வைத்திருந்த செல்டெல் நிறுவனம் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு மைக்ரோவேவ் இணைப்பைப் போட்டது. நான்கைந்து கிலோமீட்டர், இரண்டு டவர், இரண்டு ஆன்டெனா, அவ்வளவுதான். இரண்டு அரசுகளிடம் அனுமதி வாங்குவதில்தான் அந்த நிறுவனம் அலைய வேண்டியிருந்தது. இணைப்பு வந்ததும் அழைப்புகள் பல மடங்கு கூடின. பேசுவதற்கு ஆட்கள் எப்போதும் இருந்தார்கள், பேசுகிற செலவுதான் தடுத்திருந்தது.

ஆப்பிரிக்கத் தொலைத்தொடர்பின் அறுபது ஆண்டுக் கதையில் இதே சிக்கல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கண்டத்தில் 54 நாடுகள், அவற்றில் 16 நாடுகளுக்குக் கடற்கரையே கிடையாது. எந்தக் கருவியைக் கொண்டு வந்தாலும் அது ஏதாவதொரு எல்லையில் போய் நிற்கும். யாருடைய அழைப்பை யார் சுமப்பது, எவ்வளவு வாங்குவது, கேபிள் கரையேறும் இடத்தின் சாவி யாரிடம் இருப்பது என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். கண்டம் முழுவதும் சேர்ந்து போட்ட பெரிய திட்டங்கள் பெரும்பாலும் இந்தப் பேச்சிலேயே ஆண்டுகளைக் கழித்தன. நாலைந்து நாடுகள் ஒரு சின்ன விதியை மட்டும் பேசி முடித்த இடங்களில் காரியம் நடந்தது. ஒரேயொரு விஷயத்தில் மட்டும் இது தலைகீழாக நடந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அழைப்பு ஏன் ஐரோப்பாவுக்குப் போனது என்பதை முதலில் பார்த்துவிடலாம். காலனி ஆட்சியில் கம்பிகள் போடப்பட்டது ஆள்கிறவனின் தலைநகரோடு பேசுவதற்கு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடுகளின் இணைப்புகள் பாரிஸில் போய் முடிந்தன, பிரிட்டிஷ் நாடுகளுடையவை லண்டனில். விடுதலைக்குப் பிறகும் அது மாறவில்லை. கோட் டிவ்வாரில் உள்ள அபிட்ஜானிலிருந்து பக்கத்து நாடான கானாவின் அக்ராவுக்குப் பேச வேண்டுமானால் அழைப்பு பாரிஸும் லண்டனும் சுற்றி வந்தது. இப்படிச் சுற்றிப் போவதற்காக ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் சுமார் 50 கோடி டாலர் போகிறது என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் மேடைதோறும் சொல்லி வந்தார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அமைத்த குழு ஒன்று, பிரிட்டிஷ் ராஜதந்திரி டொனால்ட் மெய்ட்லண்ட் தலைமையில், 1985இல் அறிக்கை வெளியிட்டது. அப்போது 50 கோடி மக்கள் வாழ்ந்த ஆப்பிரிக்கா முழுவதிலும் இருந்த தொலைபேசிகளைவிட டோக்கியோ நகரத்தில் அதிகத் தொலைபேசிகள் இருந்தன என்று அதில் இருந்தது.

முதல் கூட்டு முயற்சி 1960களிலேயே தொடங்கிவிட்டது. பனாஃப்டெல் என்று பெயர். ஒவ்வொரு நாடும் தன் எல்லை வரை மைக்ரோவேவ் டவர்களை வரிசையாக நட்டுக்கொண்டு வரும், எல்லையில் அண்டை நாட்டின் வரிசையோடு கோத்துவிடும். காகிதத்தில் அழகான திட்டம். டவர்கள் பல இடங்களில் எழுந்தன. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கொடையாளி நாட்டின் கருவி, பழுது பார்க்கப் பணமில்லை, ஒருவர் அழைப்பை இன்னொருவர் சுமந்ததற்கான பணக் கணக்கைத் தீர்ப்பது எப்படி என்பதில் உடன்பாடும் இல்லை. இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. அழைப்பு பாரிஸ் வழியே போனால் அங்கிருக்கும் நிறுவனம் தன் பங்குக் கணக்கை எங்கும் செல்லுபடியாகும் பணத்தில் தீர்த்துவிடும். அண்டை நாட்டுத் தபால் தந்தித் துறை எப்போது தரும், எந்தப் பணத்தில் தரும் என்று யாருக்கும் தெரியாது. ஆக, டவர் நின்றிருந்தும் அழைப்புகளை ஐரோப்பாவுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது செயற்கைக்கோள். 1977இல் தொடங்கிய அனைத்து ஆப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. 1992இல் ராஸ்காம் என்ற கூட்டமைப்பு அபிட்ஜானைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாகி, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. ஆப்பிரிக்காவுக்கென்று சொந்தமாக ஒரு செயற்கைக்கோள், சந்தாதாரர் யாரும் ஐரோப்பாவைக் கும்பிட வேண்டியதில்லை. பணம் திரட்டி, பங்காளி தேடி, கடைசியில் அது ஏவப்பட்டபோது 2007 டிசம்பர் ஆகியிருந்தது. மேலே போன பிறகு ஹீலியம் கசிந்தது, 15 ஆண்டு உழைக்க வேண்டிய கோளின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டாகச் சுருங்கியது. மாற்றுக் கோள் 2010 ஆகஸ்டில் போனது. அதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஒப்பந்தத்துக்கும் உருப்படியான சேவைக்கும் நடுவே ஏறத்தாழ 18 ஆண்டுகள். அதற்குள் செல்பேசி வந்துவிட்டது, கடலடிக் கேபிளும் வந்துவிட்டது.

இந்த இடத்தில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. 2004 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், ஆப்பிரிக்க நாடுகளை இந்தியாவோடு செயற்கைக்கோளும் கேபிளும் கலந்த ஒரு வலையமைப்பால் இணைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். 2009இல் அது செயல்படத் தொடங்கியது. செனகல் தலைநகர் டக்கார்தான் மைய நிலையம். சென்னைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இந்தியப் பல்கலைக்கழகங்களின் பாடங்களும், சென்னை உள்ளிட்ட நகரங்களின் மருத்துவமனைகளிலிருந்து ஆலோசனைகளும் அதன் வழியே ஆப்பிரிக்க மையங்களுக்குப் போயின. இந்திய அரசு செலவை ஏற்றுக்கொண்டதால் அங்கே கணக்குத் தீர்க்கும் சண்டை எழவில்லை. எல்லாத் திட்டங்களுக்கும் அப்படி ஒரு புரவலர் கிடைக்க மாட்டார்.

சரி, கேபிளுக்கு வருவோம்.

மேற்குக் கரைக்கு முதலில் வந்த பெரிய கேபிள் சாட்-3. 2002 வாக்கில் வேலைக்கு வந்தது. ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரை நெடுகத் தென்னாப்பிரிக்கா வரை ஓடியது. அதன் உடன்பிறப்பான சேஃப் கேபிள் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ், கொச்சி வழியே மலேசியாவின் பினாங்கு வரை போனது. கேபிள் வந்தால் விலை இறங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இறங்கவில்லை. காரணம், கேபிளுக்குப் பணம் போட்ட நிறுவனங்களின் சங்க விதியில் இருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் கேபிளின் திறனை விற்கும் உரிமை அந்நாட்டின் ஒரே உறுப்பினருக்குத்தான், பெரும்பாலும் அது அரசுத் தொலைபேசி நிறுவனம். கரையேறும் நிலையம் அதன் கையில். போட்டி நிறுவனம் வந்து கேட்டால், செயற்கைக்கோள் விலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு விலையைச் சொன்னால் போதும், வாங்கித்தான் ஆக வேண்டும். கடலுக்கடியில் ஒளி வேகத்தில் ஓடிவந்த செய்தி கரையில் ஒரே ஒரு வாசலில் டிக்கெட்டுக்காக நின்றது.

கிழக்குக் கரையில் அதுகூட இல்லை. சோமாலியா தொடங்கித் தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குக் கரை வரை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடற்கரைக்கு ஒரு ஃபைபர் கேபிளும் கிடையாது. நைரோபியில் ஓர் இணையச் சேவை நிறுவனம் நடத்துகிறவர் ஒரு மெகாபிட் திறனுக்கு மாதம் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துச் செயற்கைக்கோளில் வாங்கி, அதை நூறு பேருக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2003 டிசம்பரில் கிழக்கு ஆப்பிரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன: தென்னாப்பிரிக்காவின் ம்டுன்சினியிலிருந்து சூடான் துறைமுகம் வரை, சுமார் 10,000 கிலோமீட்டர் கேபிள். அதன் பெயர் ஈசி. ஆனால் பெயரைப் போல ஒன்றும் சுலபமாக நடக்கவில்லை.

தகராறு எங்கே வந்தது என்றால், நிறுவனங்கள் சாட்-3 மாதிரியே ஒரு சங்கம் வேண்டும் என்றன. நாங்கள் பணம் போடுகிறோம், எங்கள் நாட்டில் நாங்கள்தான் விற்போம். கடற்கரை இல்லாத நாடுகளின் ஒழுங்குமுறை ஆணையங்களும், ஆப்பிரிக்க வளர்ச்சிக்கான புதிய கூட்டாண்மை அமைப்பான நெபாடும் ஒத்துக்கொள்ளவில்லை. சாட்-3இல் பட்டது போதும், உரிமம் உள்ள எந்த நிறுவனமும், எந்த நாட்டைச் சேர்ந்ததாக இருந்தாலும், ஒரே விலையில் வாங்க முடிய வேண்டும் என்பது அவர்கள் பக்கம். 2006 ஆகஸ்டில் ருவாண்டா தலைநகரில் கிகாலி நெறிமுறை என்ற உடன்படிக்கை கையெழுத்தானது. அதோடு பிரச்சினை தீரவில்லை, இன்னொன்று முளைத்தது: கேபிளில் அரசுகளுக்கு எவ்வளவு பங்கு, தென்னாப்பிரிக்கா சொல்வதுதான் சட்டமா?

கென்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. தகவல் தொடர்புத் துறைச் செயலாளர் பிட்டாங்கே ந்டெமோ தலைமையிலான அதிகாரிகள், இனி காத்திருப்பதில்லை என்று முடிவெடுத்து, ஐக்கிய அரபு அமீரகத்தின் எதிசலாத்துடன் சேர்ந்து மொம்பாசாவிலிருந்து ஃபுஜைரா வரை டீம்ஸ் என்ற தனிக் கேபிளைப் போட்டார்கள். இன்னொரு பக்கம், பெரும்பான்மை ஆப்பிரிக்கத் தனியார் முதலீட்டில் சீகாம் என்ற கேபிள் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பியது. எந்த அரசுக் கூட்டத்திலும் உட்காராமல், யார் வந்தாலும் விற்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்தது. சோமாலியக் கடற்கொள்ளையர் பயத்தால் சில வாரம் தள்ளிப்போய், 2009 ஜூலை 23 அன்று சீகாம் உயிர்பெற்றது. கிழக்கு ஆப்பிரிக்காவை ஒரு பக்கம் ஐரோப்பாவோடும் மறுபக்கம் மும்பையோடும் இணைத்தது. டீம்ஸும் அதே ஆண்டில் வந்தது. ஈசி 2010 ஜூலையில்தான் வந்து சேர்ந்தது. முதலில் பேச ஆரம்பித்தவர்கள் மூன்றாவதாக வந்தார்கள்.

இதைப் படிக்கிற யாருக்கும் கூட்டுமுயற்சி வீண், தனியாரை விட்டால் போதும் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆறேழு ஆண்டுச் சண்டையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. எல்லோருக்கும் திறந்த வாசல், ஒரே விலை என்ற கொள்கை பேச்சுவழக்குக்கு வந்துவிட்டது. பிறகு வந்த கேபிள்களில் பல சாட்-3 விதியை அப்படியே பின்பற்றவில்லை. ஈசியே தனக்குள் ஒரு தீர்வை உருவாக்கிக்கொண்டது. தனியாகப் பங்கு வாங்க முடியாத சிறு நிறுவனங்கள் சேர்ந்து வயாக் என்ற பொதுக் கம்பெனியை ஆரம்பித்தன. உலக வங்கிக் குழுமத்தின் நிதிக் கழகமும், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும், ஐரோப்பிய வளர்ச்சி வங்கிகளும் அதற்குக் கடன் கொடுத்தன. ஆனால் ஒரு நிபந்தனை: வயாக் தன் திறனை யாருக்கும் பாரபட்சமின்றி விற்க வேண்டும். கடற்கரை இல்லாத புருண்டி, உகாண்டா, ஜிம்பாப்வேயின் நிறுவனங்களும், குட்டித் தீவு நாடான செஷல்ஸும் இதன் வழியே கடலடிக் கேபிளில் பங்குதாரர்கள் ஆயின. ஈசியிலேயே மிகப் பெரிய பங்கு இந்தச் சிறியவர்களின் கம்பெனிக்குத்தான், முப்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக. கென்யா பிரிந்து போனதும் நல்லதற்கே ஆனது. ஒரு கேபிளுக்குப் பதில் மூன்று, அவற்றுக்குள் விலைப்போட்டி.

கேபிள் மொம்பாசாவில் கரையேறிவிட்டது. கிகாலிக்கு எப்படிப் போவது? நைரோபி, கம்பாலா வழியாக 1,500 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு எல்லைகள். ஒரு நாட்டில் சாலையோரம் பள்ளம் தோண்ட நகராட்சிக் கட்டணம், இன்னொன்றில் தேசிய நெடுஞ்சாலைத் துறை அனுமதி, எல்லையில் இருவரின் ஃபைபரையும் யார் ஒட்டுவது என்ற கேள்வி. லண்டனிலிருந்து மொம்பாசா வரை வரும் செலவைவிட மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுத் தலைநகர் வரை போகும் செலவு அதிகம் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. ருவாண்டா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: உகாண்டா-கென்யா வழியாக மொம்பாசாவுக்கு ஒரு பாதை, தான்சானியா வழியாக தார் எஸ் சலாமுக்கு இன்னொரு பாதை. ஒன்று அறுந்தால் மற்றொன்று என்பது ஒரு பக்கம். வாசல் இரண்டானதும், ‘உன் விலை கட்டுப்படியாகவில்லை, நான் அந்தப் பக்கம் போகிறேன்’ என்று சொல்ல முடிந்தது.

இன்னும் சில இடங்களில், பள்ளமே தோண்டாமல் வேலை முடிந்தது. உயரழுத்த மின்பாதைகளின் உச்சியில், இடி தாங்குவதற்கென்று ஒரு தரைக்கம்பி போகும். அதற்குள்ளேயே ஃபைபரை வைத்து இழுத்துவிடலாம். செனகல் ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள் கட்டிய மனந்தாலி அணையின் மின்பாதை மாலி, செனகல், மொரிட்டானியா மூன்றுக்கும் போகிறது, கம்பியில் ஃபைபரும் சேர்ந்தே போகிறது. நீருக்காகவும் மின்சாரத்துக்காகவும் எப்போதோ போட்ட ஒப்பந்தம் இணையத்துக்கும் உதவியது. தொலைத்தொடர்பு அமைச்சர்கள் பத்து ஆண்டு பேசி முடிக்க முடியாத எல்லை கடக்கும் உரிமையை, மின்வாரியங்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தன!

பேசும் அழைப்புகளின் கதைக்குத் திரும்பினால், கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்ததுதான் ஆகச் சிறந்த உதாரணம். கென்யா-உகாண்டா எல்லையில் வியாபாரம் செய்கிறவர் சட்டைப்பையில் இரண்டு மூன்று சிம் கார்டு வைத்திருப்பது அன்றைய வழக்கம். எல்லை தாண்டியதும் பழைய சிம்மைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும், இல்லாவிட்டால் வருகிற அழைப்புக்கும் காசு. 2006 செப்டம்பரில் செல்டெல் தன் கென்யா, உகாண்டா, தான்சானியா சந்தாதாரர்களுக்கு மூன்று நாடுகளையும் ஒரே வலையமைப்பாக்கியது. உள்ளூர் விலையில் பேசலாம், வருகிற அழைப்பு இலவசம், உள்ளூர்க் கடையில் ரீசார்ஜும் செய்துகொள்ளலாம். போட்டியாளர்களும் வேறு வழியின்றித் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்தார்கள். (அந்தச் செல்டெல் பிறகு சைன் ஆகி, 2010இல் அதன் ஆப்பிரிக்கத் தொழிலை சுமார் 1,070 கோடி டாலருக்கு நம் ஊர் ஏர்டெல் வாங்கியது. இன்று ஆப்பிரிக்காவில் சிவப்புப் பலகையைப் பார்க்கும் தமிழர் ஊர் ஞாபகம் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.)

ஆனால் நிறுவனத்தின் சலுகை அந்த நிறுவனத்துக்குள் மட்டும்தான். விலையைத் தூக்கி நிறுத்தியது வேறொன்று. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பல அரசுகள் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூடுதல் வரி போட்டிருந்தன. பணக்கார நாட்டுக்காரன் கட்டட்டும் என்ற நினைப்பில் போட்ட வரி, பக்கத்து நாட்டிலிருந்து பேசும் பழ வியாபாரி மீதும் விழுந்தது. வரியைத் தப்பிக்க ஒரு தொழிலே கிளம்பியது. ஓர் அறையில் நூற்றுக்கணக்கான சிம் செருகிய பெட்டியை வைத்து, வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியே வாங்கி, உள்ளூர் அழைப்பைப் போல மாற்றி விடுவார்கள். சிம் பாக்ஸ் என்று சொல்வது இதைத்தான். அரசுக்கும் வரி இல்லை, நிறுவனத்துக்கும் வருமானம் இல்லை, பேசுகிறவருக்குக் குரலும் சரியாகக் கேட்காது.

கென்யா, உகாண்டா, ருவாண்டா, தென் சூடான் ஆகிய நான்கு நாடுகளின் தலைவர்கள் 2014இல் இதைப் பேசி முடித்தார்கள். எங்களுக்குள் ஓடும் அழைப்புக்கு அந்த வரி கிடையாது, நிமிடத்துக்கு 10 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது, வெளியூரில் இருக்கும்போது வருகிற அழைப்புக்குக் காசு கிடையாது. ஒரே வலையமைப்புப் பகுதி என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கென்யாவுக்கும் ருவாண்டாவுக்கும் நடுவே தொடங்கியது, அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் மற்ற இரண்டும் உள்ளே வந்தன. நாடுகளுக்கிடையே பேசும் நேரம் பல மடங்கு கூடியது. எந்த டவரும் புதிதாக நடவில்லை, எந்தக் கேபிளும் போடவில்லை, ஒரு வரியை நீக்கினார்கள். கவனித்தால், கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொள்ளும் வரை இவர்கள் காத்திருக்கவில்லை. தான்சானியாவும் புருண்டியும் தொடக்கத்தில் சேரவில்லை, சரி, வருகிறபோது வரட்டும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகமான எகோவாஸ் இதே போன்ற ரோமிங் விதியை 2017 டிசம்பரில் அத்தனை உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்து நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வருவது ஆண்டுக்கணக்கில் இழுத்தது, இரண்டிரண்டு நாடுகளாகத் தனித்தனியே பேசித்தான் நகர்ந்தது. கண்ட அளவில் போனால் இன்னும் மெதுவு. இணையப் பாதுகாப்புக்கும் தனிநபர் தகவல் காப்புக்குமான ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மலாபோ உடன்படிக்கை 2014இல் ஏற்கப்பட்டது. 15 நாடுகள் உறுதி செய்தால் நடைமுறைக்கு வரும். அந்த 15ஐத் தொட 2023 ஆனது.

அப்படியானால் 54 நாடுகள் சேர்ந்து எதையும் சாதிக்க முடியாதா என்றால், அலைக்கற்றையில் சாதித்தார்கள். மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். தொலைக்காட்சி ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறும்போது 700 மெகாஹெர்ட்ஸ் அருகே அலைவரிசைகள் காலியாகும். அந்த அலை வெகுதூரம் போகும், சுவரையும் ஊடுருவும், வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் கிராமப்புறத்தைக் குறைந்த டவரில் மூடிவிடலாம். ஆப்பிரிக்காவுக்கு அது தங்கம். ஐரோப்பாவுக்கோ அவசரமில்லை, அங்கே ஒளிபரப்பாளர்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். 2012இல் ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் ஆப்பிரிக்க நாடுகளும் அரபு நாடுகளும் சேர்ந்து, இதைச் செல்பேசிக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்று நின்றன. ஐரோப்பியர்கள் எதிர்பார்க்காத அடி. 2015 மாநாட்டுக்குப் பிறகு நடைமுறைக்கு வரும்படி ஒதுக்கீடு கிடைத்தது. நைரோபியில் இருந்து இயங்கும் ஆப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதற்குள்ளேயே பமாகோ, கம்பாலா, நைரோபி என்று கூட்டங்கள் நடத்தி, எந்த நாட்டுத் தொலைக்காட்சி எந்த அலைவரிசைக்கு நகர வேண்டும் என்று எல்லை நெடுகப் பிரித்துக் கொடுத்தது. இது ஏன் நடந்தது? அந்த மாநாட்டில் ஒரு நாட்டுக்கு ஒரு குரல். அங்கே 54 என்பது சுமை இல்லை, பலம். தவிர, அலைக்கு எல்லை தெரியாது. எல்லையோர ஊரில் ஒருவன் தொலைக்காட்சி ஒளிபரப்பினால் மற்றவன் செல்பேசி கெடும் என்பதால், பேசாமல் இருப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது.

நாட்டுக்குள்ளேயே இருந்த ஒரு சுற்றுவழியையும் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் நைரோபியில் ஒரு சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர், அடுத்த தெருவில் வேறு நிறுவனத்தில் இருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அது அமெரிக்கா போய்த் திரும்பியது. நிறுவனங்கள் சேர்ந்து 2000 நவம்பரில் ஓர் இணையப் பரிமாற்ற மையத்தைத் திறந்தன, ஏகபோக உரிமை வைத்திருந்த அரசு நிறுவனம் புகார் கொடுத்து சில வாரங்களிலேயே அதை மூட வைத்தது. மீண்டும் திறக்க 2002 ஆனது. இன்று கண்டம் நெடுக இத்தகைய மையங்கள் இருக்கின்றன. கென்யாவில் இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி நாட்டுக்குள்ளேயே கைமாறுகிறது.

பிறகு 2024 வந்தது. மார்ச் 14 அன்று அபிட்ஜானுக்கு எதிரே, கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கும் இடத்தில், நான்கு கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன: வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், அப்புறம் நம் பழைய சாட்-3. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் வங்கிச் சேவை முதல் வாட்ஸ்அப் வரை தடுமாறின. சற்றுத் தொலைவில் போட்டிருந்த கூகிளின் எக்வியானோ தப்பியதால், அதில் கூடுதல் திறன் வாங்கி நைஜீரியா போன்ற நாடுகள் சமாளித்தன. அதற்கு முந்தைய மாதம், செங்கடலில் தாக்கப்பட்ட கப்பல் ஒன்றின் நங்கூரம் சீகாம் உள்ளிட்ட கேபிள்களை இழுத்து அறுத்திருந்தது. மே மாதம் ஈசியும் சீகாமும் தென்னாப்பிரிக்காவுக்கு அருகே அறுந்து கிழக்கு ஆப்பிரிக்கா தத்தளித்தது. பழுது பார்க்க லியோன் தெவெனின் என்ற 1983இல் கட்டிய கப்பலைத்தான் கண்டத்தின் பெரும்பகுதி நம்பியிருக்கிறது, கேப் டவுனிலிருந்து கிளம்பி ஒவ்வோர் இடமாகப் போக வேண்டும். அந்தக் கப்பல் ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள் நுழைய எத்தனை நாளில் அனுமதி கிடைக்கிறது என்பது ஊர் எத்தனை நாள் இருட்டில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்களில் ஒன்று. மூன்று நான்கு கேபிள்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்த நாடுகளுக்கு, அவை அத்தனையும் ஒரே பள்ளத்தாக்கைக் கடக்கின்றன என்பது அன்றுதான் உறைத்தது. பாதையைப் பிரித்துப் போடச் சொல்வதும், பழுதுக் கப்பலுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைப்பதும் ஒரு நாடு தனியாகச் செய்கிற வேலை இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு எத்தனை பேர் இணையத்தில் இருக்கிறார்கள்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி ஆப்பிரிக்க மக்களில் 38 சதவீதம், உலகச் சராசரி 68. சிக்னலே எட்டாத இடத்தில் இருப்பவர்கள் சஹாராவுக்குத் தெற்கே எட்டில் ஒரு பங்கு அளவுதான். சிக்னல் இருந்தும் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் பத்தில் ஆறு பேர். அவர்களுக்குக் கேபிளும் டவரும் வந்துவிட்டன. கையில் ஸ்மார்ட்போன் இல்லை, அல்லது டேட்டாவுக்குக் காசில்லை, அல்லது தங்கள் மொழியில் பார்க்க ஒன்றுமில்லை.

இதில் போன் விலை என்பது நாடுகள் சேர்ந்தால் உண்மையிலேயே குறையக்கூடிய ஒன்று. தனித்தனியே சிறு சந்தைகளாக இருக்கும் வரை எந்த உற்பத்தியாளரும் அவர்களுக்கென்று மலிவு போன் செய்ய மாட்டார். 2025இல் எம்டிஎன், ஏர்டெல், ஆரஞ்ச், வோடாகாம் உள்ளிட்ட ஆறு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, 30 முதல் 40 டாலருக்குள் ஒரு 4ஜி போன் வேண்டும், அதில் குறைந்தது இன்னின்ன இருக்க வேண்டும் என்று ஒரு பொது வரையறையை முன்வைத்தன. உற்பத்தியாளரிடம் போக அது போதும். ஆனால் அந்த போன் துறைமுகத்தில் இறங்கியதும் சுங்க வரி, விற்பனை வரி, சில நாடுகளில் ஆடம்பர வரியும் ஏறிவிடும். தென்னாப்பிரிக்கா 2025 ஏப்ரல் முதல் 2,500 ராண்டுக்குக் கீழான ஸ்மார்ட்போன்களுக்கு 9 சதவீத ஆடம்பர வரியை எடுத்துவிட்டது. மற்ற நாட்டு நிதியமைச்சகங்களிடம் நிறுவனங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான்.